சிறுகடைகளும் செய்தித்தாளும்: கவனம் எதை வாங்கித் தருகிறது?

தமிழ்நாட்டில் வணிகர் சங்கங்கள் தங்கள் குறையை ஊருக்குச் சொல்ல எடுக்கும் முதல் ஆயுதம் கடையடைப்பு. மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அந்தச் செய்தி எப்படி வரும் என்பதை வாசகர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். எப்போதும் பரபரப்பாக இருக்கும் கடைவீதி வெறிச்சோடியது. மருந்துக் கடைகளும் பால் கடைகளும் மட்டும் திறந்திருந்தன. அசம்பாவிதம் ஏதும் நடக்காமலிருக்கப் போலீஸ் பாதுகாப்பு போடப்பட்டிருந்தது. கூடவே, இறக்கிவிட்ட ஷட்டர்களின் வரிசை ஒரு படமாக வந்திருக்கும். எதற்காக அடைத்தார்கள் என்பது கடைசிப் பத்தியில் இரண்டு வரி.

அந்த இரண்டு வரியை முதல் பத்திக்குக் கொண்டுவருவது எப்படி என்ற கேள்விக்கு ஏறத்தாழ நூறு வயது. அமெரிக்காவில், பிரான்சில், பிரிட்டனில், இந்தியாவில் என்று ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறது. மோதினால்தான் செய்தி என்றார்கள் சிலர். எண்ணைக் கொடு, நிருபர் தானாக வருவார் என்றார்கள் வேறு சிலர். மக்களுக்குச் சின்னக் கடைமேல் உள்ள பாசத்தைத் தொட்டால் போதும் என்பது அண்மைக்கால விடை. பத்திரிகையே இந்தச் சண்டையில் ஒரு கட்சிக்காரர், அதனிடம் நியாயம் எதிர்பார்ப்பதே பிழை என்ற பழைய குரலும் உண்டு.

இவற்றை எடைபோடும்போது இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஊடகத்தின் கவனம் எப்படிக் கிடைக்கிறது என்பது ஒன்று. கிடைத்த கவனத்தால் கடைக்கு என்ன ஆயிற்று என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சான்றுகள் தாராளமாக இருக்கின்றன. இரண்டாவதற்கு மிகக் குறைவு. இயக்கத்தினர் எழுதும் வெற்றிக் கதைகளில் பெரும்பாலும் முதல் கேள்விக்கான விடையே இரண்டாவதற்கும் விடையாகக் காட்டப்படுகிறது.

வானொலியில் தொடங்கிய வழக்கு

சிறுகடைகளுக்கான இயக்கம் வெகுஜன ஊடகத்தைப் பெரிய அளவில் கையில் எடுத்தது 1920-களின் இறுதியில், அமெரிக்காவில். ஏ அண்ட் பி என்ற மளிகை நிறுவனம் அப்போது நாடெங்கும் சுமார் 15,000 கடைகளை நடத்திவந்தது. லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் டபிள்யூ. கே. ஹெண்டர்சன் என்பவர், தன் பெயரின் முதலெழுத்துகளையே சேர்த்துக் கே.டபிள்யூ.கே.எச். என்ற வானொலி நிலையம் வைத்திருந்தார். அவரே மைக்கின் முன் உட்கார்ந்து சங்கிலித் தொடர் கடைகளைத் திட்டித் தீர்ப்பார். பேச்சு கரடுமுரடு, வசவு தாராளம். உள்ளூரில் புரளவேண்டிய பணத்தை இந்தக் கடைகள் நியூயார்க்குக்கு உறிஞ்சிக்கொண்டு போகின்றன என்பது அவருடைய ஒற்றைப் பல்லவி. 'மெர்ச்சண்ட்ஸ் மினிட் மென்' என்று ஒரு சங்கத்தையும் தொடங்கி, தலைக்கு 12 டாலர் சந்தா கேட்டார். ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள் கட்டினார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் சட்டங்கள் வரிசையாக வந்தன. கடைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஏறும் வரியை இண்டியானா மாநிலம் 1929-இல் விதித்தது. அது செல்லும் என்று 1931-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் போயின. மொத்தக் கொள்முதலில் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் காட்டப்படும் விலைச் சலுகையைக் கட்டுப்படுத்தும் ராபின்சன்–பாட்மன் சட்டம் 1936-இல் நிறைவேறியது.

இதைப் படித்தவர்கள் இரண்டு விதமாகப் படித்தார்கள். வானொலி இல்லாவிட்டால் சிதறிக் கிடந்த கடைக்காரர்கள் தங்களை ஒரு கூட்டமாகவே உணர்ந்திருக்க மாட்டார்கள் என்பது ஒரு வாசிப்பு. மற்றது சற்றுக் கசப்பானது. பெருமந்தத்தின்போது மாநில அரசுகளின் கஜானா காலியாக இருந்தது, வரி போட ஆள் தேடினார்கள், பெரிய கம்பெனி அகப்பட்டது என்பது அது. ராபின்சன்–பாட்மன் சட்டத்தின் முதல் வரைவை எழுதியவர் மொத்த மளிகை வியாபாரிகள் சங்கத்தின் வழக்கறிஞர் என்பதை இந்தத் தரப்பார் மறக்காமல் நினைவூட்டுவார்கள். மைக்கில் கத்தியவர் ஒருவர், மேஜையில் எழுதியவர் இன்னொருவர். இரண்டும் சேர்ந்தே வேலை நடந்தது என்று கொள்வதுதான் பொருத்தம்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியாவில் 1935-இல் கொண்டுவந்த கடை வரியை மறு ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். சங்கிலிக் கடைகள் ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தின. அந்த ஆண்டு பீச் பழம் விளைந்து குவிந்து விலை சரிந்துகொண்டிருந்தது. கடைகள் தள்ளுபடி விற்பனை நடத்திப் பழத்தைத் தீர்த்துக் கொடுத்து விவசாயிகளைத் தங்கள் பக்கம் இழுத்தன. வரி தோற்றது. ராபின்சன்–பாட்மன் சட்டத்துக்குப் பெயர் தந்தவர்களில் ஒருவரான பாட்மன் 1938-இல் கொண்டுவந்த அடுத்த மசோதா நிறைவேறியிருந்தால் ஏ அண்ட் பி-யின் லாபத்தை வரியே விழுங்கியிருக்கும். அந்த நிறுவனம் கார்ல் பயோர் என்ற மக்கள் தொடர்பு வல்லுநரை அமர்த்தியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது. நுகர்வோர் சார்பில், விவசாயிகள் சார்பில் என்று அமைப்புகள் முளைத்து மசோதாவை எதிர்த்தன. 1940-இல் மசோதா குழுவிலேயே மடிந்தது.

இந்தப் பத்தாண்டுக் கதையில் இன்றைய வாதங்கள் எல்லாமே இருக்கின்றன. குறிப்பாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர்கள் "நாங்கள் அழிகிறோம்" என்றார்கள். நிறுவனங்கள் "உங்கள் வீட்டுச் செலவு ஏறும்" என்றன. இரண்டாவது வாக்கியத்தில் வாசகர் இருக்கிறார்.

ஷட்டரை இறக்கினால் என்ன நடக்கும்?

மோதல்தான் கவனத்தைத் தரும் என்ற நிலைப்பாட்டுக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி. 1968-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் சாரம் இது: பேரம் பேசப் பலமில்லாதவர்கள் போராடுவது எதிரியை அசைப்பதற்கு அல்ல, எதிரி மதிக்கும் மூன்றாம் தரப்பை அசைப்பதற்கு. அந்த மூன்றாம் தரப்புக்குச் செய்தி போய்ச் சேர ஊடகம் வேண்டும். எனவே ஊடகம் விரும்பும் வடிவத்தில் போராட்டம் அமைகிறது. இதன் மறுபக்கத்தை 1980-இல் டாட் கிட்லின் எழுதினார். அவர் ஆராய்ந்தது மாணவர் இயக்கத்தை. ஊடக வெளிச்சம் இயக்கத்தின் கோரிக்கையை விட்டுவிட்டு அதன் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறது, போகப்போக இயக்கமும் அந்தக் காட்சிக்கேற்ப மாறிவிடுகிறது என்பது அவர் முடிவு. கடையடைப்புச் செய்தியில் ஷட்டர் படம் பெரிதாகவும் காரணம் சிறிதாகவும் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

பிரான்ஸ் இதன் உச்சத்தைப் பார்த்தது. 1953-இல் சேன் செரே என்ற சிற்றூரில் எழுதுபொருள் கடை வைத்திருந்த பியேர் பூஜாட், வரி அதிகாரிகளைக் கடைக்குள் விடாமல் ஊரைத் திரட்டினார். 1956 தேர்தலில் அவருடைய கட்சி ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. இரண்டே ஆண்டில் அது கரைந்தது. இனவெறிப் பேச்சின் கறை மட்டும் தங்கிவிட்டது. அடுத்த தலைமுறைக் கடைக்காரர்களின் கலகத்துக்குப் பிறகு, பெரிய கடைகளுக்கு முன் அனுமதி கோரும் ரோயர் சட்டம் 1973-இல் வந்தது. சட்டம் கிடைத்தது, "பூஜாடிசம்" என்பது வசைச்சொல்லாகவும் நிலைத்தது.

பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் ஸ்டோக்ஸ் கிராஃப்ட் பகுதியில் டெஸ்கோ என்ற பேரங்காடி நிறுவனத்தின் கடை திறந்தபோது, 2011 ஏப்ரலில் கலவரம் மூண்டது. அதற்கு முன் பல மாதங்கள் அமைதியாக நடந்த எதிர்ப்புக்குக் கிடைக்காத இடம் ஒரே இரவில் கிடைத்தது. நாடு முழுவதும் பேசியது கலவரத்தைப் பற்றி. டெஸ்கோ அங்கேயே இருந்தது.

இந்திய அனுபவம் இன்னும் சிக்கலானது. பல பிராண்டுகளை விற்கும் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு நேரடி அந்நிய முதலீட்டுக்கு மத்திய அமைச்சரவை 2011 நவம்பர் 24 அன்று ஒப்புதல் தந்தது. டிசம்பர் 1 அன்று நாடு முழுவதும் கடையடைப்பு. சில நாட்களில் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2012 செப்டம்பரில் அரசு அதையே மீண்டும் கொண்டுவந்தது, மீண்டும் கடையடைப்பு. டிசம்பர் 5 அன்று மக்களவையில் எதிர்க்கட்சிகளின் தீர்மானம் 218-க்கு 253 என்ற கணக்கில் தோற்றது. போராட்டம் தோற்றது என்று இங்கே புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் அந்தந்த மாநிலம் விரும்பினால் மட்டுமே அனுமதிக்கலாம் என்ற நிபந்தனை முடிவோடு சேர்ந்து வந்தது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் மறுத்தன. எதிர்பார்த்த பெருங்கடைகளின் படையெடுப்பு நடக்கவில்லை. அந்த நிபந்தனைக்குக் கடையடைப்புகள் காரணமா, கூட்டணிக் கணக்கு காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் தனித்தனியாக இயங்கியவையும் அல்ல.

மோதல் வழியின் பலவீனம் ஒன்று உண்டு, சங்கங்கள் அதைப் பேசுவதில்லை. கடையடைப்பில் முதலில் சிரமப்படுவது வாடிக்கையாளர். யாருடைய ஆதரவு வேண்டுமோ அவரே அன்றைக்குத் தேங்காயும் தீப்பெட்டியும் தேடி அலைகிறார். சூப்பர் மார்க்கெட் மட்டும் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்து வியாபாரம் பார்த்துவிட்டால் கணக்கு முற்றிலும் தலைகீழ்.

ஒரு எண், ஒரு பட்டியல்

செய்தியறைக்கு எது பிடிக்கும் என்பதை 1965-இல் யோகான் கால்டுங்கும் மாரி ரூகேயும் பட்டியலிட்டார்கள். 2001-இல் டோனி ஹார்கப், டெயர்ட்ரே ஓ'நீல் இருவரும் அதைத் திருத்தினார்கள். எதிர்பாராதது, கெட்ட செய்தி, நமக்குப் பக்கத்தில் நடப்பது, பெரிய மனிதர் சம்பந்தப்பட்டது என்று போகும் அந்தப் பட்டியலில் "மெல்ல நசிதல்" என்பதற்கு இடமே இல்லை. ஒரு தெருவில் பத்து வருடத்தில் பன்னிரண்டு மளிகைக் கடைகள் மூடினால் அதில் எந்த நாளும் செய்தி நாள் ஆகாது. மெதுவாக நடப்பதை ஒரே நாளில் நடந்ததாக மாற்ற ஒரு வழி வேண்டும். எண்ணிக்கையும் தரவரிசையும் அதைச் செய்கின்றன.

லண்டனில் இயங்கும் நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் 2005-இல் வெளியிட்ட 'குளோன் டவுன் பிரிட்டன்' ஆய்வு இதற்கு நல்ல பாடம். எல்லா ஊர்க் கடைவீதியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிட்டது என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்ததைத்தான் அதுவும் சொன்னது. செய்த புதுமை, ஊர்களுக்கு மதிப்பெண் போட்டது. எக்சிடர் நகரம் மோசமான இடத்தைப் பிடித்தது. தனித்தன்மையோடு இருக்கும் ஊராக ஹெப்டன் பிரிட்ஜ் வந்தது. இதன் சூட்சுமம் உள்ளூர்ப் பத்திரிகையின் இயல்பில் இருக்கிறது. தேசிய அறிக்கை ஒன்றை உள்ளூர் ஆசிரியர் குப்பையில் போடலாம். தன் ஊரின் பெயர் உள்ள பட்டியலைப் போட முடியாது. மேயர் கோபப்படுவார், அதுவும் செய்தி. பட்டியலில் எத்தனை ஊரோ அத்தனை தலைப்புச் செய்தி.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்தது எண்ணின் வலிமைக்கு இன்னொரு சான்று. போர்டர்ஸ் என்ற பெரிய புத்தகக் கடை வரவிருந்த வளாகத்துக்கு நகராட்சி சலுகை தர முன்வந்தது. எதிரிலேயே உள்ளூர்ப் புத்தகக் கடையும் இசைத்தட்டுக் கடையும் இருந்தன. 2002-இல் சிவிக் எகனாமிக்ஸ் என்ற நிறுவனம் கணக்குப் போட்டுச் சொன்னது: போர்டர்ஸில் செலவிடும் 100 டாலரில் 13 டாலர் உள்ளூரில் தங்கும், உள்ளூர்க் கடையில் செலவிட்டால் 45 டாலர் தங்கும். ஹெண்டர்சன் மணிக்கணக்கில் கத்தியதை இரண்டு எண்கள் சொல்லிவிட்டன. போர்டர்ஸ் பின்வாங்கியது. அந்த எண்களோ ஆஸ்டினோடு நிற்கவில்லை. நாடு முழுவதும் துண்டறிக்கைகளில் ஏறின. ஒரு தெருமுனையில் இருந்த மூன்று கடைகளின் கணக்கு அது, ஆய்வுக்குப் பின்னால் இருந்தவர்கள் அந்த விவாதத்தில் ஒரு பக்கம் நின்றவர்கள் என்ற அடிக்குறிப்பு வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

எண் யாருக்கும் சொந்தமில்லை என்பதை இந்தியா காட்டியது. சர்வதேசப் பொருளாதார உறவுகள் குறித்த ஆய்வு நிறுவனமான இக்ரியர், 2008-இல் அரசுக்காக ஓர் அறிக்கை தந்தது. பெருங்கடை அருகில் வந்ததும் சிறுகடைகளின் விற்பனையும் லாபமும் குறைகின்றன, காலப்போக்கில் அந்தப் பாதிப்பு தணிகிறது என்றது அது. சிறுகடைகள் மூடப்படும் விகிதம் ஆண்டுக்கு 4.2 விழுக்காடு, அதில் பெருங்கடைப் போட்டியால் மூடப்படுபவை 1.7 விழுக்காடு. முதலீட்டை ஆதரித்தவர்கள் "1.7 தானே" என்றார்கள். எதிர்த்தவர்கள் முதல் வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஒரே அறிக்கை, இரண்டு தலைப்புகள். கோடிக்கும் மேற்பட்ட கடைகள் உள்ள நாட்டில் 1.7 விழுக்காடு என்பது எத்தனை குடும்பம் என்று பெருக்கிப் பார்த்துத் தலைப்புப் போட்டிருந்தால் விவாதம் வேறு மாதிரி போயிருக்கும். அந்தப் பெருக்கலைச் செய்து நிருபர் கையில் கொடுப்பது இயக்கத்தின் வேலை.

பாசத்தை யார் விற்கிறார்கள்?

மூன்றாவது நிலைப்பாடு சண்டையையும் புள்ளிவிவரத்தையும் ஒதுக்கிவிட்டு மனசைத் தொடச் சொல்கிறது. வேல்ஸில் உள்ள ராயடர் என்ற சிற்றூரில் ஒரு குடும்பம் நடத்தும் ஹாஃபோட் ஹார்ட்வேர் கடை, 2019 கிறிஸ்துமஸுக்கு 100 பவுண்டு செலவில் ஒரு படம் எடுத்தது. இரண்டு வயதுப் பையன் காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டுக் கடைக்கு வருகிறான். தரையைக் கூட்டுகிறான், பொருள் எடுத்துக் கொடுக்கிறான், கல்லாவைப் பார்க்கிறான். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கக் குனிகிறான். நிமிரும்போது அவன் பெரிய ஆள். அவ்வளவுதான் படம். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பெரிய அங்காடிகள் பல லட்சம் பவுண்டு கொட்டி எடுக்கும் கிறிஸ்துமஸ் விளம்பரங்களோடு ஒப்பிட்டுப் பத்திரிகைகள் எழுதின. அந்த ஒப்பீடுதான் செய்தி. படம் மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.

இந்த வழியில் கவனம் பெரும்பாலும் ஒரு கடைக்கே போகிறது. இங்கிலாந்தின் பீட்டர்ஸ்ஃபீல்டில் பழைய புத்தகக் கடை ஒன்று 2020 ஜனவரியில், மழை நாளில் ஒரு புத்தகம்கூட விற்கவில்லை என்று காலி நடைபாதைப் படத்தைப் போட்டது. எழுத்தாளர் நீல் கெய்மன் அதைப் பகிர, ஆர்டர்கள் குவிந்தன. அதே மழையில் நனைந்த மற்றக் கடைகளுக்கு எதுவும் வரவில்லை. ஒருவரை மீட்ட கதை பலரின் நிலையை மறைத்துவிடுகிறது.

பாசம் எளிதில் கைமாறக்கூடியதும் கூட. அமெரிக்காவில் 'ஸ்மால் பிசினஸ் சாட்டர்டே' என்ற நாளை 2010-இல் தொடங்கியது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். அதன் அட்டைக் கட்டணம் அதிகம் என்று அதிகம் முணுமுணுப்பவர்கள் சிறு கடைக்காரர்களே. 2013-இல் அந்த நாள் பிரிட்டனுக்கும் போனது. ஆண்டுதோறும் அன்றைய விற்பனை இத்தனை நூறு கோடி டாலர் என்று வரும் கணக்கு, நுகர்வோரிடம் "எவ்வளவு செலவழித்தீர்கள்" என்று கேட்டுப் போட்டது. செய்தியில் இடம்பெறுவதற்கென்றே உருவாக்கப்படும் நிகழ்வுகளைப் பற்றி டேனியல் பூர்ஸ்டின் 1960-களின் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். இந்தச் சனிக்கிழமை அவருக்கு நல்ல உதாரணமாகியிருக்கும். இந்தியாவில் கேட்பரி நிறுவனம் 2020, 2021 தீபாவளிகளில் அந்தந்தப் பகுதிச் சிறுகடைகளின் பெயரைத் தன் விளம்பரத்தில் சேர்த்துப் பெரும் பாராட்டு வாங்கியது. கடைக்காரருக்குப் பெயர் கிடைத்தது, சாக்லேட்டுக்கு மரியாதை கிடைத்தது. எது அதிகம் என்பதை வாசகர் முடிவுசெய்யலாம்.

2020 ஜனவரியில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் இந்தியா வந்தபோது இரண்டு பிம்பங்கள் நேருக்கு நேர் மோதின. அகில இந்திய வணிகர் கூட்டமைப்பு பல நகரங்களில் எதிர்ப்பு நடத்தியது. பெசோஸ் சிறு தொழில்களை இணையத்துக்குக் கொண்டுவர 100 கோடி டாலர் என்று அறிவித்தார். மும்பையில் ஒரு மளிகைக் கடைக்குப் போய்க் கடைக்காரருடன் எடுத்த படத்தை வெளியிட்டார். எந்தக் கடையைக் காக்க வணிகர்கள் தெருவுக்கு வந்தார்களோ, அதே கடைதான் அவர் படத்திலும் இருந்தது. இந்தப் போட்டியை நகர்த்தியது இரண்டு பிம்பமும் அல்ல. 2021 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ், அமேசானின் உள் ஆவணங்களைப் பார்த்து, ஒருசில பெரிய விற்பனையாளர்களுக்கே அங்கே தனிச்சலுகை இருந்ததாக எழுதியது. நிறுவனம் மறுத்தது. ஆனால் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததற்கு அப்போதுதான் காகிதம் கிடைத்தது.

2017: கோக், பெப்சி, தமிழ்நாடு

கோட்பாடுகள் அனைத்தையும் ஒரே இடத்தில் வைத்துச் சோதிக்கத் தமிழ்நாட்டில் ஒரு நிகழ்வு இருக்கிறது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணிக்கும் குரலையும் எழுப்பினார்கள். தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும், த. வெள்ளையன் தலைமையிலான வணிகர் சங்கங்களின் பேரவையும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டன. மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கடைகள் என்ற எண்ணோடு உலக ஊடகங்கள் எழுதின. வணிகர் சங்கச் செய்தி இவ்வளவு தூரம் போனது அபூர்வம்.

ஏன் போனது என்று பார்த்தால், முதலில் இது கடையை அடைக்காத போராட்டம். வாடிக்கையாளருக்குச் சிரமம் இல்லை. போவன்டோ கேட்டால் கிடைக்கும். 1916-இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் அந்தப் பானம் திடீரென்று கொள்கைப் பிடிப்பின் அடையாளமாயிற்று. அடுத்து, பேச்சு கடைக்காரரின் லாபத்தைப் பற்றியதாக இல்லை; குளிர்பான ஆலைகள் எடுக்கும் தாமிரபரணித் தண்ணீரைப் பற்றியதாக இருந்தது. அந்த ஆண்டு மாநிலம் கடும் வறட்சியில் தவித்துக்கொண்டிருந்தது. தேதி குறித்த அறிவிப்பு, உலகப் பெயர் பெற்ற எதிரி, பக்கத்து ஆற்றின் தண்ணீர் என்று செய்தியறை கேட்கும் அத்தனையும் ஒன்றாக வந்தன. வியாபாரி என்றாலே பதுக்கல்காரர், கலப்படக்காரர் என்று சினிமாவும் பத்திரிகையும் பல காலம் தீட்டிய சித்திரம் சில வாரங்கள் மறைந்திருந்தது.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். கங்கைகொண்டானில் உள்ள ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தருவதை எதிர்த்த மனுக்களை, விற்பனை நிறுத்தம் தொடங்கிய மறுநாளே, மார்ச் 2 அன்று, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. கடைகளில் நிறுத்தம் முழுமையாக இருக்கவில்லை. குளிர்பெட்டியைக் கம்பெனி கொடுத்திருந்தால் அதில் வேறு எதை வைப்பது என்ற கேள்வியும் இருந்தது. இன்று அந்தப் பாட்டில்கள் தமிழ்நாட்டுக் கடைகளில் இருக்கின்றன. பொதுக் கவனம் ஒரு பிரச்சினையின் மீது திடீரென்று குவிந்து, தீர்வின் விலை தெரிந்ததும் சோர்ந்து விலகும் என்று ஆண்டனி டவுன்ஸ் 1972-இல் வரைந்த சுழற்சி இங்கே அப்படியே பொருந்துகிறது. அதே சமயம் உள்ளூர்ப் பானங்கள் கடை அலமாரியில் மீண்டும் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்ததும் அப்போதுதான். இதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் முடிப்பது அவசரம்.

விளம்பரப் பக்கமும் செய்திப் பக்கமும்

பத்திரிகையே ஒரு கட்சிக்காரர் என்ற வாதத்துக்கு ஏ அண்ட் பி-யின் முழுப்பக்க விளம்பரம் பழைய சான்று. ஆடித் தள்ளுபடிக் காலத்துத் தமிழ் நாளிதழ் ஒன்றை விரித்தால் புதிய சான்று கிடைக்கும்: முதல் பக்கம் முழுக்கப் பட்டுச் சேலை, கடைசிப் பக்கம் முழுக்க நகை. பெட்டிக்கடைக்காரர் விளம்பரம் தருவதில்லை. ஆயினும் இந்த வாதத்தை அதன் எல்லைவரை இழுக்க முடியாது. விளம்பரதாரரைச் சங்கடப்படுத்தும் செய்திகளும் வருகின்றன. சங்கத்தின் உறுப்பினர்களே பத்திரிகையை வாங்குபவர்கள், பல ஊர்களில் விற்பவர்களும் கூட. விளம்பரம் செய்தியைத் தடுப்பதைவிட, எது செய்தி என்ற பழக்கத்தை மெல்ல வளைக்கிறது என்று சொல்வதே பாதுகாப்பானது. புதுக் கிளைத் திறப்பு விழா நடிகை வருகையோடு செய்தியாகிறது. கடை மூடுவிழாவுக்கு யாரும் அழைப்பதில்லை.

தீராத கேள்விகள்

கவனம் விற்பனையாக மாறுகிறதா? அமெரிக்காவின் உள்ளூர்த் தற்சார்பு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில், உள்ளூரில் வாங்கச் சொல்லும் இயக்கம் உள்ள ஊர்களின் தனிக் கடைகள் 2010-இல் 5.6 விழுக்காடு வளர்ச்சி கண்டதாகவும் மற்ற ஊர்களில் 2.1 விழுக்காடு என்றும் தெரிந்தது. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் சான்று இது. விடையளித்தவர்கள் தாமாக முன்வந்த கடைக்காரர்கள். கேட்டது இயக்கத்தை ஆதரிக்கும் அமைப்பு. செழிப்பான ஊரில்தான் இயக்கமும் தோன்றும் என்ற ஐயத்தை இந்தக் கணக்கு தீர்க்கவில்லை.

கவனம் முடிவை மாற்றுகிறதா என்றால், சில இடங்களில் ஆம். எண்ணாயிரம் பேர் வாழும் டோட்னஸ் என்ற ஆங்கிலேய ஊரில் நாற்பதுக்கு மேற்பட்ட தனிக் காபிக் கடைகள் இருந்தன. கோஸ்டா நிறுவனம் அங்கே கடை திறக்க உள்ளாட்சியின் அனுமதியையே வாங்கிவிட்டது. ஊர் எதிர்த்தது, தேசியப் பத்திரிகைகள் எழுதின, 2012 அக்டோபரில் நிறுவனம் தானாக விலகியது. ஆஸ்டினையும் டோட்னஸையும் இந்திய அரசின் 2011 நிறுத்திவைப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. எடுக்கப்படாத அல்லது திருப்பிக்கொள்ளக்கூடிய ஒரு முடிவு அங்கே காத்திருந்தது. அதை எடுப்பவர் யார் என்பதும் தெரிந்திருந்தது. "உள்ளூர்க் கடையை ஆதரிப்போம்" என்று எல்லோரையும் நோக்கிச் சொன்ன இயக்கங்களுக்கு இப்படிக் காட்ட அதிகம் இல்லை. வெற்றி பெற்ற ஊர்களே எழுதப்படுகின்றன என்பதால் இந்த முடிவையும் சற்றுத் தள்ளுபடி செய்தே ஏற்க வேண்டும்.

யாருக்காக இந்த இயக்கம் என்பதும் தெளிவாகவில்லை. தமிழ்நாட்டில் பத்து மாடி ஜவுளிக் கடையும் உள்ளூர்க் குடும்பத்துடையதுதான், தனிக் கடைதான். பக்கத்துத் தெருத் துணிக்கடையை அது மூடவைத்தால் சங்கம் எந்தப் பக்கம் நிற்கும்? இரண்டு பேரும் சந்தா கட்டுகிறார்கள். இதற்கு முன்னுதாரணங்களில் விடை இல்லை. பத்து நிமிடத்தில் பொருளைக் கொண்டுவரும் செயலிகளோடு சண்டை இன்னும் மங்கலானது. அனுமதி கேட்கும் கட்டடமும், திறப்பு விழாத் தேதியும், எதிரில் நின்று படமெடுக்க வாசலும் அங்கே கிடையாது. நூறாண்டு அனுபவத்தில் கற்ற உத்திகளில் பாதி இங்கே பயன்படாது.

இவற்றில் ஒரு குறையைச் சங்கங்களே தீர்க்கலாம். இந்தியாவில் சிறுகடைகள் மூடும் விகிதம் என்று இன்றும் சுற்றிவரும் எண் 2008-இல் வந்தது. செயலிகள் பிறப்பதற்கு முந்தியது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் வணிகர் சங்கங்களிடம் உறுப்பினர் பதிவேடு இருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது என்று ஆண்டுதோறும் எண்ணி, மே 5 வணிகர் தினத்தன்று ஊர்வாரியாகப் பட்டியலிட்டு வெளியிடட்டும். மாவட்ட நிருபருக்கு அதைவிட நல்ல செய்தி அந்த நாளில் வேறு இருக்காது.